பாதிக் கலியாணமும் முழு வரியும்

மனைவி இருந்தும் இல்லை என்று எழுதிக் கொடுத்தவன் நான். அதில் கள்ளம் ஒன்றுமில்லை, முழு மடைத்தனம்தான்.

எண்பதுகளின் நடுவில் சுவிஸில், இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். வேலைக்குச் சேரும்போது தந்த படிவத்தில் 'மணமாகாதவர்' என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன். ஊரில் எனக்கும் சாந்திக்கும் கலியாண எழுத்து முடிந்து, பதிவாளர் முன்னால் கையெழுத்தும் வைத்தாயிற்று. ஆனால் தாலி கட்டவில்லையே. தாலி கட்டாதவளை மனைவி என்று எழுத வெட்கமாக இருந்தது. (சுவிஸ்காரன் தாலியைக் கண்டானா, எழுத்தைக் கண்டானா!)

கூட வேலை செய்த யோகன் அண்ணைக்கும் எனக்கும் ஒரே சம்பளம். ஆனால் அவர் கைக்கு மாதாமாதம் கூட வந்தது. விசாரித்தால், சம்பளத்திலேயே வரியைக் கழிக்கிறார்களாம். கலியாணமானவனுக்குக் குறைவு, தனியாளுக்கு அதிகம்.

"நீ எழுத்து முடிச்சனியெல்லே? பிறகேன் தனியாள் வரி கட்டுறாய்?" என்றார்.

நேரே ஹோட்டல் அலுவலகத்துக்குப் போனேன். சம்பளம் போடும் அம்மா, எப்போது கலியாணம் நடந்தது என்று கேட்டார். இங்கே வருவதற்கு முன்பே, ஆனால் பாதிதான் முடிந்தது என்று அரைகுறை டொச் மொழியில் விளங்கப்படுத்தினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். சான்றிதழோடு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அது ஊரில், சாந்தியின் தகப்பனான மாமாவின் அலுமாரியில் இருந்தது. 'எழுத்துச் சான்றிதழை உடனே அனுப்பவும்' என்று ஒரே வசனத்தில் மாமாவுக்குக் கடிதம் போட்டேன். காரணம் எழுதவில்லை. (கஞ்சன் என்று நினைத்துவிடுவார்களாம்!) இரண்டு மாதம் கழித்துச் சாந்தியின் பதில் வந்தது: 'எழுத்தை ரத்துச் செய்ய விரும்பினால் என்னிடம் நேரே சொல்லுங்கள். அந்த வெள்ளைக்காரி யார்?'

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வெள்ளைக்காரி அந்தக் கண்ணாடி அம்மா. அவருக்கு ஓய்வூதிய வயது. ஊர்ச் சந்திக் கடைக்குப் போன் எடுத்து, சாந்தியைக் கூட்டிவரச் சொல்லி, வரிக் கதை முழுவதையும் மூச்சுவிடாமல் ஒப்புவித்தேன். கலியாணம் போயிற்று என்றே நினைத்தேன்.

"அப்ப வரி குறையத்தானோ நான் உங்களுக்கு மனிசி?"

"ஓம்," என்றேன். (பயத்தில் வாயில் வந்தது அதுதான்.)

அவள் சிரித்தாள். அந்த நிம்மதியில் போன் பெட்டிக்குள்ளேயே குந்திவிட்டேன். சான்றிதழ் தபாலில் வந்தது. பிறகு சாந்தியும் வந்தாள், தாலியும் கட்டினேன்.

இப்போது இருவரும் உழைக்கிறோம். இரண்டு சம்பளத்தையும் ஒன்றாகச் சேர்த்து வரி போடுகிறார்கள். தனித்தனி ஆட்களாக இருந்தால் இதைவிடக் குறையுமாம். வருடா வருடம் வரிப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கும்போது சாந்தி பிள்ளைகளைக் கூப்பிடுவாள்.

"அப்பாட்டைக் கேளுங்கோ, அந்தச் சான்றிதழை அம்மப்பான்ர அலுமாரிக்குத் திருப்பி அனுப்புவமோ எண்டு."