பதினெட்டு மீன்களும் ஒரு நெரிசலும்

வீட்டில் மீன் வளர்ப்போர், மீன்களுக்குள் சச்சரவு நேராமல் காக்கக் கடமைப்பட்டவர்கள் என்று ஒரு விதி இருக்கிறதாம். எங்களுக்குத் தெரியாது. மீன்களுக்கும் தெரியாது.

எங்கள் கூடத்துத் தொட்டியில் பதினெட்டு மீன்கள். ஆப்பிரிக்க ஏரியொன்றின் பாறை இடுக்குகளில் வாழும் இனம். உடம்பு விரல் நீளம், கோபம் முழ நீளம். ஆளுக்கொரு பொந்தைப் பிடித்துக்கொண்டு அடுத்தவனை விரட்டுவதே பிழைப்பு. அதனால்தான் அம்மா கூட்டமாக வளர்க்கிறாள். பதினெட்டுப் பேருக்கும் அடி பங்கு பிரிந்துவிட்டால் யாருக்கும் பெரிதாக வலிக்காது.

வளர்ப்புயிர் நல ஆய்வாளர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"சண்டை போடுதே! எல்லாம் நெரிசலால வர்ற வினை."

"நெரிசல் இருக்கறதாலதான் சார் ஒண்ணும் சாகல," என்றேன்.

"காலேஜ்ல படிக்கிறியாம்மா?"

"ஆமா."

"அதான்."

பிறகு கல்லடியில் ஒதுங்கியிருந்த மஞ்சள் மீனைக் காட்டினார். "அது ஏன் சாப்பிடல? பட்டினி போடறீங்களா?"

"வாய்க்குள்ள குஞ்சு வச்சிருக்கு சார்," என்றாள் அம்மா. "அதான் மூணு வாரமா சாப்பிடல. இன்னும் நாலு நாள்ல வெளிய விட்டுடும். பயமுறுத்தினா முழுங்கினாலும் முழுங்கிடும்."

"எத்தனை குஞ்சு?"

"வாயைத் திறந்தாத்தானே தெரியும்."

"திறக்கச் சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். அம்மா கிள்ளினாள்.

உத்தரவு அங்கேயே எழுதப்பட்டது: தொட்டி ஒன்றுக்கு மீன் இரண்டு. மஞ்சள் மீன் உட்பட உபரி பதினாறும், அனுமதியின்றி எழுப்பிய கற்குவியலும் பறிமுதல்.

மிச்சமிருந்த இரண்டில் பெரியது சின்னதை மூன்றாம் நாளே தீர்த்துவிட்டது. மறு ஆய்வுக்கு வந்தவர் எழுதினார்: 'நெரிசல் முற்றிலும் நீங்கியது. சச்சரவு இல்லை.'

அம்மாவுக்கு அந்த மஞ்சள் மீனைப் பற்றித்தான் கவலை. ஐந்தாம் நாள் சண்டைக்குத் தயாராக ஆய்வாளரின் அலுவலகத்துக்குப் போனேன். வாசல் கூடத்தில் எங்களுடையதைப் போலவே ஒரு தொட்டி! பறிமுதல் செய்ததை இருந்த நிலையிலேயே பாதுகாக்க வேண்டுமென்று இன்னொரு விதியாம். கற்களை எங்கள் வீட்டில் இருந்தபடியே அடுக்கியிருந்தார்கள். பதினாறும் ஜாம் ஜாமென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. மஞ்சள் மீன் தீனி தின்றுகொண்டிருந்தது. கல்லிடுக்கில் கடுகு கடுகாய்க் குஞ்சுகள்.

"இதெல்லாம் எங்களுது சார்!"

"பெரிய மீனுங்களைக் கேட்டு ஒரு மனு குடுங்க," என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். " குஞ்சுங்க இங்க பொறந்ததும்மா, அதுக்குத் தனி மனு. டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க."

என் டோக்கன் ஐம்பத்தெட்டு. நாற்காலிகள் இருபது. ஐந்து கவுன்ட்டர்களில் நான்கு பூட்டிக் கிடந்தன. வந்திருந்த அத்தனை பேரும் ஏதோ ஓர் அநியாயத்தைக் கேட்க வந்தவர்கள். உட்கார இடமில்லாமல் நின்றிருந்த நான் கத்துவதற்காக வாயைத் திறந்தேன்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா கையைப் பிடித்து இழுத்தாள். "உக்காரும்மா. உனக்கு மட்டுமா? எல்லாருக்கும் இதே கதிதான்."

சொன்னால் வெட்கக்கேடு. அதைக் கேட்டதும் எனக்கு வலி பாதி குறைந்துவிட்டது.

அவள் கொஞ்சம் நகர்ந்தாள். அந்த ஒரே நாற்காலியில் நானும் ஒண்டிக்கொண்டேன்.