செவலை இன்னும் வந்து சேராத காரணம்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு இதை எழுதச் சொல்கிறேன். இங்கே நான், என் வீட்டுக்காரி, மந்தை மாடுகள் எல்லோரும் சுகம். இதில் மாடுகளின் சுகத்துக்கு மட்டும் டாக்டர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. எனக்குக் கையெழுத்தே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். பால் சங்கத்தில் பால் அளக்கிற அம்மா எழுத, நான் சொல்லிக்கொண்டு வருகிறேன். எழுத்து அழகாக இருந்தால் அது அந்தம்மாவுடையது. விஷயத்தில் தப்பு இருந்தால் அதுவும் அந்தம்மாவுடையது.

பேரனைப் பார்க்க உங்கள் வீட்டுக்கு வந்தபோது, கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே நின்று, "பிள்ளை பால் குடிக்கிற வயசு வர்றதுக்குள்ள என் செவலை மாடு உங்க கொட்டகையில நிக்கும்" என்று சொன்னது நான்தான். நீங்கள் அன்றைக்கு நீலக்கோடு போட்ட சட்டை, மேலிருந்து மூன்றாவது பொத்தான் இல்லை. "அதுக்கென்ன அவசரம்" என்றீர்கள். அது நடந்து எட்டு மாதம். இப்போது சம்பந்தியம்மா, "உங்கப்பா மாடு நடந்து வருதா, நீந்தி வருதா?" என்று தினமும் கேட்பதாக மகள் போனில் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் அப்படிச் சிரித்தால் எனக்குச் சோறு இறங்காது. ஆகவே காரணத்தை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், நீங்களே சம்பந்தியம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

எங்களுடையது முப்பத்தெட்டு வீட்டு மாடுகள் சேர்ந்த ஒரே மந்தை, காப்புக்காட்டை ஒட்டி மேய்கிறது. மந்தைக்குத் தலைவர் என்று என்னை வைத்திருக்கிறார்கள். காட்டெருமைக்கு வாயிலும் குளம்பிலும் புண் வருகிற கோமாரி வந்தால் எங்கள் மாட்டுக்கும் வரும், எங்கள் மாட்டுக்கு வந்தால் அதுக்கும் போகும். அதனால் மாட்டு டாக்டர் போன மாதம் எனக்குப் போன் பண்ணி, "புதன்கிழமை எல்லா மாட்டுக்கும் தடுப்பு போட்டாகணும் பெரியவரே, ஆளுங்களைத் தயாரா வைங்க" என்றார், அதோடு லைன் அறுந்துபோச்சு. தடுப்புன்னா எனக்குத் தெரியாதா? ஊர் ஆளுங்க அறுபது பேரைக் கூட்டி, காட்டு ஓரம் பூராவும் குழி தோண்டி, கம்பு நட்டு, முள் வெட்டிப் போட்டு, மூணு நாள்ல முடிச்சுட்டோம். டாக்டர் சொன்ன கெடுவுக்கு ஒரு நாள் முன்னாடியே. புதன்கிழமை காலையில டாக்டர் ஐஸ் பெட்டியோட வந்து இறங்கினார்.

"எங்கய்யா, தடுப்பு போடலாமா?"

"நேத்தே போட்டாச்சு சார்."

"போட்டாச்சா? யாரு போட்டது?"

"நாங்களேதான். தச்சர் கூடவே நின்னு பார்த்துக்கிட்டார்."

"தச்சரா? யோவ், எந்த ஊசியில போட்டீங்க?"

"ஊசி எதுக்கு சார்? கடப்பாரையிலதான்."

டாக்டர் ஐஸ் பெட்டி மேலேயே உட்கார்ந்துட்டார்.

அவர் எழுந்திருக்கிறதுக்குள்ள வனக்காவலர் வந்துட்டார். மிருகங்க போற வழியை எவன் அடைச்சதுன்னு சத்தம். டாக்டர், "அடைச்சது நல்லதுதானே, நோய் கலக்காது"ன்னார். காவலர், "உங்க மாட்டுக்கு நோய்னா எங்க காட்டை ஏன் பூட்டுறீங்க?"ன்னார். ரெண்டு பேரும் அரசாங்கச் சம்பளக்காரங்க, நான் நடுவுல நிக்கிறேன். கடைசியில ஊசி முடிஞ்சதும் முள்ளைப் பிரிச்சுடணும்னு முடிவாச்சு.

மரச்சட்டத்துக்குள்ள மாட்டை ஒண்ணொண்ணா விட்டோம். ஒரு ஊசி, காதுல நம்பர் போட்ட ஒரு மஞ்சள் பட்டை. எங்க மாடு நூத்திப் பதினொண்ணு, அவர் கொண்டு வந்த பட்டையும் நூத்திப் பதினொண்ணு. ஒரே புழுதி, மாட்டுக்கு மாடு அடையாளம் தெரியலை. கடைசிப் பட்டையைக் குத்திட்டு, "கணக்கு அச்சா வந்துடுச்சு"ன்னு டாக்டர் கையைத் துடைக்கிறார். திரும்பிப் பார்த்தா என் செவலை வெறுங்காதோட நிக்குது.

"சார், என் மாடு பாக்கி."

"பெரியவரே, பட்டை தீர்ந்துடுச்சு, மாடும் தீர்ந்துடுச்சு. உங்களுக்கு எண்ணத் தெரியாது, விடுங்க."

எனக்கு எண்ணத் தெரியாதுதான். யாருக்கு யாரு பிறந்ததுன்னு தெரியும். நின்ன இடத்துல ஆரம்பிச்சேன். மூளி பெத்தது வெள்ளைக்கால், வெள்ளைக்கால் பெத்தது ரெண்டு, ஒண்ணு தச்சர் வீட்டுல, ஒண்ணு பால்காரர் வீட்டுல, அடைமழைக்குப் பிறந்தது கோணக்கொம்பு, அதோட அக்கா மகள் சண்டைக்காரி... சொல்லச் சொல்ல ஒவ்வொண்ணா அந்தப் பக்கம் ஒதுக்கினாங்க. உச்சி வெயில் வந்துடுச்சு. கடைசியில செவலை நிறத்துல ஒரு கன்னு மட்டும் நிக்குது, காதுல பட்டை பளபளன்னு.

"சார், இதுக்கு மட்டும் தாய் யாருன்னு எனக்குத் தெரியலை"ன்னேன்.

வனக்காவலர் கிட்ட வந்து பார்த்தார். "ஐயையோ, இது காட்டெருமைக் கன்னுய்யா!"

நாங்க தடுப்பு போட்டப்ப இந்தப் பக்கமா மாட்டிக்கிட்டது. மூணு நாளா எங்க மந்தையிலதான் தின்னுட்டுப் படுத்திருக்குது. ஒரு வீட்டுக்காரரும் கேட்கலை. ஆளாளுக்குப் பக்கத்து வீட்டுக் கன்னுன்னு நினைச்சிருக்காங்க. பட்டையைக் கழட்டிக் குடுங்கன்னேன். மேலிடத்து உத்தரவு இல்லாம காட்டு மிருகத்து மேல கை வைக்கக் கூடாதுன்னார் காவலர். கம்ப்யூட்டர்ல ஏறின பட்டையைக் கழட்டக் கூடாதுன்னார் டாக்டர். அன்னைக்கு அந்த ஒரு விஷயத்துலதான் ரெண்டு பேரும் உடனே ஒத்துப்போனாங்க. முள்ளைப் பிரிச்சோம், கன்னு பட்டையோட காட்டுக்குள்ள போயிடுச்சு. அந்தப் பட்டை, நிறத்தைப் பார்த்து, கம்ப்யூட்டர்ல என் பேர்ல, என் செவலைக்குன்னு பதிஞ்சிருக்கு. ஆகவே பேப்பர்படி உங்களுக்கு நான் தர்றதா சொன்ன மாடு காப்புக்காட்டுல இருக்குது. அத்துமீறி மேயுதுன்னு காவலர் எனக்கு ஒரு நோட்டீசும் குடுத்திருக்கார்.

காட்டுக் கன்னு கலந்து நின்னதால மூணு வாரத்துக்கு எந்த மாடும் ஊரைத் தாண்டக் கூடாதாம். பட்டை இல்லாத மாடு அதுக்கப்புறமும் தாண்டக் கூடாதாம். புதுப் பட்டை கேட்டா, பழசு தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக் கேட்கிறாங்க. தொலையலையே சம்பந்தி! தினம் சாயங்காலம் குட்டையில தண்ணி குடிக்குது, நானே பார்க்கிறேன். பொய் எப்படிச் சொல்றது?

இதுதான் காரணம். நான் வாக்குத் தவறவில்லை, இதில் சூது ஒன்றும் இல்லை. என் மகளை இதை வைத்து யாரும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம் என்று சம்பந்தியம்மாவிடம் என் பணிவான வேண்டுகோளைச் சொல்லவும். மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேரனுக்குப் பல்லும் புத்தியும் சீக்கிரம் முளைக்க என் ஆசிகள்.

இப்படிக்கு, பேரனின் தாத்தா (இடது கைப் பெருவிரல் ரேகை).

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் டாக்டரே வந்துட்டார். மூணு வாரம் முடிஞ்சது, ஒரு மாட்டுக்கும் வாயில, குளம்புல புண் இல்லை. பழைய பட்டை காட்டுல இருக்குன்னு அவரே எழுதிக்கிட்டு, செவலைக்கு ஊசியும் போட்டு, புதுப் பட்டை குத்தி, வெளியே அனுப்பலாம்னு பேப்பரும் குடுத்துட்டார். சங்கத்து அம்மா பேனாவை மூடிட்டு, "பெரியவரே, இதெல்லாம் மூணு வாரம்தான். நீங்க சொல்லி எட்டு மாசமாச்சே, மீதி மாசமெல்லாம் என்ன காரணம்?"னு கேட்டாங்க. மேலே உள்ளது எல்லாம் நடந்ததுதான் சம்பந்தி. காரணம் மட்டும் அது இல்லை. கறக்கும்போது செவலை என் தோள் துண்டைக் கடிச்சுக்கிட்டேதான் நிக்கும். வேற யாரு துண்டையும் கடிக்காது. அனுப்ப மனசு வரலை. அவ்வளவுதான். இனி சொல்லச் சாக்கும் இல்லை. வெள்ளிக்கிழமை மாடு வருது. பழகுற வரைக்கும் கூட நானும் வர்றேன். வீட்டுக்காரிகிட்ட கேட்டேன், போயிட்டு வாங்கன்னு கொஞ்சம் வேகமாவே சொல்லிட்டா. எனக்குப் பேப்பர் எதுவும் வேண்டாம்னு டாக்டரும் சொல்லிட்டார். கொட்டகையில ஒரு கட்டில் போட இடம் பார்த்து வைக்கவும். எத்தனை நாளைக்குன்னு மட்டும் எழுத வேண்டாம்னு அந்தம்மாகிட்ட சொல்லியிருக்கேன்.