கறிக்குள் போன சினோன் வைன்

லா சப்பல், பாரிஸ்
ஞாயிற்றுக்கிழமை

என்றும் என் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அக்கா அவர்கட்கு, தம்பி மகேந்திரராசா எழுதிக்கொள்வது. இங்கு நாம் யாவரும் சுகம். அத்தானின் முழங்கால் நோ குறைந்து, தாங்கள் இருவரும் கனடாக் குளிரிலும் சுகமாயிருக்க வேண்டுமென்பதே எமது விருப்பம்.

நிற்க. மகள் கஜந்தினி விரும்பும் பெடியன் யூலியனைப் பற்றி, "தேப்பனை நேரிலை பாத்து எழுது, பிறகு சம்மதம் சொல்லுறன்" என்று தாங்கள் கட்டளையிட்டபடி, அவனுடைய தகப்பனார் பெர்னார் அவர்களைச் சென்ற ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தோம். அவர் லுவார் ஆத்துப் பக்கம் சினோன் எண்ட ஊரிலை முந்திரிகைக் கொடித் தோட்டம் வைச்சு வைன் வடிக்கிறவர். சுண்ணாம்புக் கல்லைக் குடைஞ்ச குகைக்குள்ளைதான் போத்தலுகளை அடுக்கி வைக்கிறவையாம். முதல்நாளே யூலியனிட்டை ஒரு சிவப்பு வைன் போத்தல் குடுத்து விட்டிருந்தார், "ரெண்டு மணித்தியாலம் முன்னம் திறந்து வையுங்கோ, மூச்சு விடட்டும்" எண்டு ஒரு துண்டும் எழுதி.

நான் ஒரு சொட்டும் தொடாதவன் எண்டது உங்களுக்குத் தெரியும். எண்டாலும் சம்பந்தியாகப் போற மனுசன்ரை சொல்லெண்டு காலமை பத்து மணிக்குத் திறந்து மணந்து பாத்தன் அக்கா, கறிமிளகாய் மணம்! பச்சையா வெட்டின கறிமிளகாய். அடியிலை கறுப்பு மண்டி வேறை. உங்கடை மச்சாள் இந்திராதேவி, "இது பழுதாப் போச்சுதப்பா, அந்தாள் குடிச்சு வயித்தாலை போனா எங்களுக்கெல்லோ பழி" எண்டவ, நான் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ளை, வீட்டிலை வினாகிரியும் முடிஞ்சு போச்செண்டு முழுப் போத்தலையும் ஆட்டிறைச்சிக்குள்ளை ஊத்தி, அடுப்பிலை ஏத்திப்போட்டா.

பன்னிரண்டரைக்குப் பெர்னார் யூலியனோடை வந்தார். பெரிய கை, நகத்துக்குள்ளை தோட்டத்து மண். ஆட்டுப்பால் சீஸ் ஒண்டும் கொண்டு வந்தவர். "என்ரை வைன் இதோடையும் சேரும், நெருப்பிலை வாட்டின இறைச்சியோடையும் சேரும். உறைப்பு மட்டும் ஆகாது, நாசமாக்கிப் போடும்" எண்டபடி கதிரையிலை இருந்தார். சட்டிக்குள்ளை நாலு கரண்டி மிளகாய்த்தூள் கொதிக்குது. பிறகு சொல்லுறார், "அது யூலியன் பிறந்த வருசத்துப் போத்தல். காலமாகிப்போன என்ரை மனுசி எடுத்து வைச்சது. அதுதான் கடைசி. எங்கை?"

கஜந்தினி என்னைப் பாக்கிறாள், நான் இந்திராதேவியைப் பாக்கிறன், அவ சட்டியைப் பாக்கிறா. யன்னலுக்கு வெளியாலை மெட்ரோ கிலுங்கிக்கொண்டு போகுது. கடைசியிலை நான்தான் சொன்னன், "மிஸ்யூ பெர்னார், உங்கடை வைன் கறிக்குள்ளை போயிட்டுது. கறிமிளகாய் மணந்தது, பழுதெண்டு நினைச்சிட்டம். பிழை எங்கடை. பிள்ளையளோடை கோவிக்காதேங்கோ."

மனுசன் எழும்பினார். வீட்டை போகப்போறாரெண்டு நினைச்சன். நேரே குசினிக்குப் போய், மூடியைத் திறந்து, ஒரு துண்டை வாயிலை போட்டார். கண்ணாலை தண்ணி ஓடுது, உறைப்பாலையோ கவலையாலையோ தெரியேல்லை. "கறிமிளகாய் எண்டோ சொன்னீங்கள்? எங்கடை முந்திரிகையின்ரை மணமே அதுதான்! என்ரை மகனுக்கு இண்டுவரைக்கும் அது பிடிபடேல்லை" எண்டார். பிறகு மெல்லமா, "என்ரை மனுசியும் இப்பிடித்தான், நல்ல வைனையெல்லாம் சட்டிக்குள்ளை ஊத்திப் போடுவா. முப்பது வருசமும் அதுக்குத்தான் சண்டை" எண்டு சிரிக்கத் தொடங்கினார். அப்பா இப்பிடிச் சிரிச்சு நாலு வருசமெண்டு யூலியன் கஜந்தினியின்ரை காதுக்குள்ளை சொன்னான்.

தயிரும் விட்டு மூண்டுதரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார் அக்கா. மிச்சக் கறியையும் கட்டிக்கொண்டு போனார். ஒக்டோபரிலை, முந்திரிகை வெட்டு முடியச் சினோனிலை கலியாணத்தை வைப்பமெண்டு கதைச்சிருக்கிறம். அதுக்கு முன்னம் நான் போய்ப் புது வைனை மணந்து பாக்க வேணுமாம். விழுங்கத் தேவையில்லை, துப்பலாமாம். ஆகையால் தாங்கள் சம்மதம் தந்து, முன்னுக்கு நின்று நடத்தி வைக்குமாறு வேண்டி, அத்தானுக்கும் எமது வணக்கங்களைக் கூறி, தங்கள் ஆசியை எதிர்பார்த்து நிற்கும்,

அன்புத் தம்பி
மகேந்திரராசா

பி.கு.: கடிதத்தை உறையிலை போடேக்கை கஜந்தினி வந்து சொல்லுறாள், ரெண்டு பேரும் போன மாசியிலையே நகரசபையிலை கையெழுத்து வைச்சுக் கலியாணத்தைப் பதிஞ்சிட்டினமாம். உங்கடை சம்மதமும் என்ரை விருந்தும் ஒண்டுக்கும் தேவைப்பட்டிருக்கேல்லை. உடனை பெர்னாருக்குப் போன் அடிச்சன். அவருக்கும் தெரியாதாம். ரெண்டு தேப்பன்மாரும் சேர்ந்து ஒரு கிழமைக்குக் கோவமா இருக்கிறதெண்டு முடிவெடுத்திருக்கிறம். நீங்களும் சேருங்கோ. ஆனா டிக்கெட்டைப் போட்டிட்டுக் கோவியுங்கோ.