உரித்துத் தின்ற மாத்திரை

மாத்திரையை முழுசாக விழுங்கத் தெரியாதவள் நான். இருபத்தாறு வயதில் இதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் டாக்டரிடமும் சொல்லவில்லை. அந்த வெட்கத்தைக் காப்பாற்றப்போய், கடைசியில் ஒரு தொழிற்சாலையே கூடி நின்று பார்க்க மானம் போனது.

திருநெல்வேலியிலிருந்து வந்து ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. காருக்கான இரும்புப் பாகங்களுக்குத் துரு பிடிக்காமலிருக்கப் பூச்சு அடிப்பார்கள். அந்தப் பூச்சில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது நான். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பூச்சின் அருமை பெருமைகளைப் பற்றி வகுப்பெடுப்பதும் நானே. (கொஞ்சம் அதிகமாகவே எடுப்பேன்.) ஒப்பந்தம் முடிய இரண்டே மாதம். "இந்த ஆடிட் மட்டும் நல்லபடியா முடியட்டும், பர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேரு கீது" என்று சூப்பர்வைசர் டில்லி சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பெருங்குடலில் அழற்சி. வலி, ரத்தம், ஒரு நாளைக்கு எட்டு முறை ஓட்டம். தண்டலத்தில் பார்த்த டாக்டர் மெசலமைன் என்ற மாத்திரையை எழுதி, "கடிக்காம, உடைக்காம முழுங்கணும்" என்றார். தலையாட்டினேன். அறைக்கு வந்து பிரித்தால், செங்கல் நிறத்தில் தடித்தடியாக இருந்தது. மேலே வழவழவென்று பெயிண்ட் மாதிரி ஏதோ. வயிற்றுக்குள் எதற்குப் பெயிண்ட் என்று கத்தியால் சுரண்டி, இடித்து, வாழைப்பழத்தில் பிசைந்து தின்றேன். மூன்று வாரம் ஆகியும் ஒரு பிரயோஜனமும் இல்லை. டாக்டரைத் திட்டினேன்.

எங்கள் லைனில் ஏழாவது நிலை என்னுடையது. இடத்தைவிட்டு நகர வேண்டுமென்றால் தலைக்கு மேல் தொங்கும் மஞ்சள் கயிற்றை இழுக்க வேண்டும். உடனே ஐஸ் வண்டி மாதிரி ஒரு மெட்டு ஷெட் முழுக்கக் கேட்கும். மாற்றாள் வராவிட்டால் லைனே நின்றுவிடும்.

பாகங்களின் தரத்தை ஆடிட் செய்ய வந்திருந்த மேடத்திடம், "பூச்சு அழகுக்கு இல்ல மேடம். அது போச்சுன்னா பாகமே போச்சு" என்று முழங்கிக்கொண்டிருந்தபோது வயிறு கலக்கியது. பல்லைக் கடித்துப் பார்த்தேன். பல்லால் ஆகிற காரியமில்லை. கயிற்றை இழுத்துவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தால் லைன் நிற்கிறது, மெட்டு மட்டும் ஓடுகிறது, ஷெட்டே கூடி நின்று வேடிக்கை பார்க்கிறது. டில்லி ஒரு பாகத்தை, கழித்ததைப் போடும் சிவப்புப் பெட்டியில் போட்டிருந்தார். "கீறல் கீது மேடம். அதான் பொண்ணு லைன நிறுத்திட்டு என்னிய கூப்ட ஓடிச்சு." மேடம் அதை எடுத்து டார்ச் அடித்துக் கீறலைத் தேடிக்கொண்டிருந்தார்.

டில்லி கண்ணாலேயே என்னிடம் கெஞ்சினார். பேசாமல் இருந்தால் வேலை நிரந்தரம். ஆனால் நல்ல பாகத்தைக் கழித்துக்கட்டுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது ஒரு வியாதி.

"அது நல்ல பீஸ் மேடம். கோளாறு எனக்குத்தான். குடல்ல அழற்சி. மெசலமைன் சாப்பிடுதேன், கேக்கவே மாட்டேங்கு."

"கேக்கணுமே. என் பையனுக்கும் அதே மாத்திரைதான். முழுசாதானே முழுங்கறீங்க?"

"இல்ல மேடம். மேல உள்ள பெயிண்டச் சுரண்டிட்டு..."

மேடம் டார்ச்சை அணைத்தார். "அந்தப் பூச்சு இருந்தாதான் வழியிலயே கரையாம பெருங்குடல் வரைக்கும் போகும்மா. அது போச்சுன்னா மாத்திரையே போச்சு."

டில்லி தலையில் அடித்துக்கொள்ளப் பார்த்தார். ஹெல்மெட் இடம் கொடுக்கவில்லை.

அறிக்கையில் ஒரே ஒரு குறை எழுதியிருந்தார்கள்: 'ஏழாவது நிலை ஊழியருக்குப் பூச்சின் பயன் குறித்து மறுபயிற்சி தேவை.' பர்மனென்ட் லிஸ்டில் என் பெயர் இல்லை. ஒப்பந்தத்தை மட்டும் ஒரு வருஷம் நீட்டினார்கள். அன்று அறையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அழுதுகொண்டே முதல் தடவையாக ஒரு மாத்திரையை முழுசாக விழுங்கினேன். சில வாரங்களில் ரத்தம் நின்றது. அடுத்த வருஷம் வேலையும் நிரந்தரமானது.

ஆனால் அதற்கு முன்னால், ஆடிட்டில் எழுதிய குறையைத் தீர்த்தாக வேண்டியிருந்ததே. பூச்சுக்கு வகுப்பெடுக்கக் கம்பெனியில் இருந்தது நான் ஒருத்திதான். "நீயே உனுக்கு நடத்திக்கோ" என்று டில்லி பயிற்சி அறையைத் திறந்துவிட்டார். காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்று ஒரு மணி நேரம் நடத்தினேன். பயிற்சி அளித்தவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து, பெற்றவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. அந்தத் தாளைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பியது என் புத்திகெட்டதனம்.

இப்போதும் ஊருக்குப் போய், தங்கச்சியிடம் நேரத்துக்குச் சாப்பிடு, வண்டியை மெதுவாக ஓட்டு என்று எதையாவது ஆரம்பித்தால் போதும். முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டு கேட்பாள்.

"எக்கா, இத எனக்குச் சொல்லுதியா, உனக்குச் சொல்லுதியா?"