பென்னாகரத்துக்கு ஒரு டெஸ்ட் டிரைவ்

மாதவராஜ் மாமாவைக் கடைசி சீட்டிலிருந்து வெளியே எடுக்க இரண்டு பேர் இழுக்கவும் ஒருவர் தள்ளவும் வேண்டியிருந்தது. உள்ளே போகும்போது தானாகத்தான் போனார். நடுச் சீட்டை மடக்கி, தலையைத் தாழ்த்தி, எவ்வளவு தாராளம் பாரு என்று சொல்லிக்கொண்டேதான் போனார். இப்போது ஒரு கால் வெளியே, வயிறு உள்ளே. ஷோரூமில் வேறு வண்டி பார்க்க வந்தவர்கள்கூட இந்த வண்டியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"இதுக்குத்தான் கார்வினோ வண்டியப் பாருன்னேன்" என்றார் மாமா, அந்த நிலைமையிலும்.

குரு பல்லைக் கடித்துக்கொண்டு அவர் கையைப் பிடித்து இழுத்தான். தர்மபுரி பைபாஸில் இருக்கும் அந்த ஷோரூமுக்கு அவன் குடும்பத்தோடு வருவது இது நாலாவது தடவை. அதியமான்கோட்டையில் சொட்டுநீர்ப் பைப் கடை வைத்திருப்பவன். ஒரு முழம் பைப்புக்கு ஒரு மணி நேரம் யோசிக்கும் ஆட்களையெல்லாம் முகம் சுளிக்காமல் சமாளித்தவன். அந்தப் பொறுமை சொந்த வீட்டாரிடம் மட்டும் செல்லுபடியாகவில்லை.

கார் மேல் அவனுக்கு ஆசை ஒன்றும் கிடையாது. எல்லாம் தம்பி தமிழ்மணிக்காக. தம்பிக்கு முப்பத்தாறு முடிந்துவிட்டது. போன மாசியில் அரூர் பக்கம் ஒரு பெண் பார்க்கப் போனார்கள். அப்பாவும் தமிழ்மணியும் ஒரு பைக், குருவும் அவன் மனைவி நிர்மலாதேவியும் ஒரு பைக், அம்மா முனியம்மாள் பஸ், மாமா பெங்களூரிலிருந்து நேராக. அம்மா போய்ச் சேர்ந்தபோது பெண் வீட்டில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்கள். மாமா போய்ச் சேர்ந்தபோது கழுவிக் கவிழ்த்தே வைத்துவிட்டார்கள். இப்போதே ஆளுக்கொரு திக்காக வருகிற குடும்பத்தில் பெண்ணைக் கொடுத்து என்ன செய்வது என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து ஜாதகம் என்ற பேச்சு எடுத்தாலே தமிழ்மணி எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவான். இப்போது பென்னாகரத்திலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். இதுவும் தட்டிப்போனால் இனி யார் வீட்டுப் படியும் ஏறப்போவதில்லை என்று தமிழ்மணி அண்ணியிடம் சொல்லிவிட்டான். அதைக் கேட்டதும் குரு, ஒரே வண்டியில், ஒரே நேரத்தில், ஒரு குடும்பமாகப் போய் இறங்க வேண்டும் என்று முடிவு கட்டினான்.

முடிவு கட்டிய கையோடு போய் வண்டியை எடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். வீட்டில் எல்லோரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று நினைத்தான் பாருங்கள், அதுதான் தப்பு.

முதலில் அப்பா நஞ்சப்பன். அவர் எந்த வண்டியைக் கண்டாலும் தேங்காய் தட்டுவது மாதிரி விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார். சத்தம் சரியில்லை என்பார். வாலிபத்தில் அவர் தக்காளி ஏற்றிப்போன வேன் தட்டினால் கோயில் மணி போலக் கேட்குமாம். ஷோரூமில் வண்டி காட்டியவர் சோஹைல் பாய். நரைத்த மீசை, நிதானமான பேச்சு, வருஷக்கணக்காக வண்டி விற்கிறவர். அவர் வாய் தவறி, இந்த மயூரா மூன்றாவது ஜெனரேஷன் என்று சொல்லிவிட்டார்.

"அப்ப முந்துன ரெண்டு தலமுறையில என்னங்க கொறை?" என்றார் அப்பா.

"கொறையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க ஐயா."

"கொறையில்லாததை எதுக்கு மாத்துனாங்க? மாத்துனாங்கன்னா கொறை இருந்திருக்குது. அப்ப இதையும் ஒரு நாளைக்கு மாத்துவாங்கல்ல? நாலாவது வரட்டும், பாத்துக்கலாம்."

அடுத்தது மாமா. அம்மாவின் தம்பி, பெங்களூரில் காலம் தள்ளியவர். மயூராவுக்குப் போட்டிக் கம்பெனியின் கார்வினோதான் அவருக்கு உயிர். அதையும் தர்மபுரியில் வாங்கக்கூடாது, கர்நாடகாவில் பழசாக வாங்க வேண்டும். "நோடு குரு, அங்க மார்க்கெட்டே வேற" என்று கன்னடம் கலந்து ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். தமிழ்மணியோ உலகத்தையே போனில் பார்ப்பவன். இதே மயூரா இந்தோனேஷியாவில் தள்ளுகதவோடு வருகிறது, ஜப்பானில் சீட்டே சுழல்கிறது, நமக்கு மட்டும் ஏன் இப்படி என்று அவனுக்குக் கவலை. பெண் பார்க்கப் போகிறவன் ஜப்பான் சீட்டைப் பற்றிக் கவலைப்பட்டது குருவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நிர்மலாவுக்குப் பின்சீட்டில் ஏசி காற்று வரவேண்டும். அம்மாவுக்கு எந்த வண்டியானாலும் சரி, ஆனால் கடைசி சீட்டில் உட்காரமாட்டாள். கடைசி சீட்டில் உட்கார யாருமே தயாரில்லை.

எல்லோரையும் ஒரே நாளில் இரண்டு ஷோரூமுக்கும் கூட்டிப்போனால் ஒரு முடிவுக்கு வருவார்கள் என்று குரு நினைத்தான். கூட்டிப்போனான். காலையில் மயூரா கட்சியில் இருந்தவர்கள் சாயங்காலம் கார்வினோ கட்சிக்கு மாறினார்கள். கார்வினோ கட்சிக்காரர்கள் மயூராவுக்கு வந்தார்கள். சண்டை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்படித்தான் வியாழக்கிழமை வந்தது. மாமாவும் அந்தக் கடைசி சீட்டிலிருந்து ஒருவழியாக வெளியே வந்தார், சட்டைப் பொத்தான் ஒன்று வண்டிக்குள்ளேயே தங்கிவிட்டது. யாரையும் கேட்காமல் மயூராவையே எழுதிவிடலாம் என்று குரு துணிந்தபோது, இன்றைக்குப் புக் பண்ணினாலும் வண்டி கைக்கு வர ஒரு மாதம் ஆகும் என்றார் சோஹைல் பாய்.

குரு அவரைத் தனியாகத் தண்ணீர் கேன் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். விஷயத்தை மறைக்காமல் சொன்னான். நாளைக்கு ஒரு டெஸ்ட் டிரைவ். கொஞ்சம் நீளமான டெஸ்ட் டிரைவ். பென்னாகரம் வரைக்கும்.

சோஹைல் பாய் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தார். "வண்டிய நான்தான் ஓட்டணும். அது ரூல்ஸுங்க" என்றார்.

"எங்க டிரைவர்னு சொல்லிக்கிடலாமா பாய்? கோவிச்சுக்காதீங்க."

"சொல்லிக்குங்க."

இதைக் கேட்டு அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வீட்டு ஆட்கள் ஆறு பேர், இரட்டைப்படையில் பெண் பார்க்கப் போகக்கூடாது, பாயையும் சேர்த்தால் ஏழு. வண்டியிலும் ஏழு சீட்டு. இத்தனை நாளில் இரண்டு விஷயம் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை காலை வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றது. வண்டியின் இரண்டு பக்கமும் தலை முதல் வால் வரை, சிவப்பு எழுத்தில் 'டெஸ்ட் டிரைவ்' என்று ஒட்டியிருந்தது. கீழே ஷோரூம் போன் நம்பர் வேறு.

தமிழ்மணி நகத்தால் சுரண்டிப் பார்த்தான். பாதி எழுத்துதான் வந்தது. இப்போது ஒரு பக்கம் 'டெஸ்ட்' என்றும் மறு பக்கம் 'டிரைவ்' என்றும் நின்றது. நிர்மலா சந்தனம் குழைத்துப் பூசினாள். சந்தனத்துக்குள்ளிருந்து சிவப்பு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. கடைசியில் அம்மாதான் தோட்டத்திலிருந்து ஒரு கூடை சாமந்தியைக் கொண்டுவந்து, சரம் சரமாகக் கட்டி, ஜன்னலிலிருந்து தொங்கவிட்டாள். எழுத்து மறைந்தது. வண்டியும் மறைந்தது. அப்பா சுற்றி வந்து பார்த்துவிட்டு, பொண்ணு பாக்கப் போறமா, பொணம் எடுக்கப் போறமா என்று கேட்டார்.

நல்ல காரியத்துக்குப் போகும்போது என்ன பேச்சு இது என்று அம்மா பிடித்துக்கொண்டாள். அந்தச் சண்டை முடிந்து கிளம்பினால், வண்டி வேகம் எடுத்ததும் பூச்சரம் பறக்க ஆரம்பித்தது. ஜன்னலை ஏற்றினால் சரம் அறுந்துவிடும் போலிருந்தது. ஆகவே ஒரு பக்கம் மாமாவும் மறு பக்கம் நிர்மலாவும் கையை வெளியே நீட்டி, பூவைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். ஏசி வேண்டும் என்று அத்தனை நாள் போராடிய நிர்மலாவின் முகத்தில் இண்டூர் தாண்டும்வரை புழுதி அடித்தது. கடைசி சீட்டில் குரு முழங்காலைத் தாடையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். குடும்பத்தை ஒரே வண்டியில் ஏற்றவேண்டும் என்று ஆசைப்பட்டவனுக்கு அந்த இடம்தான் மிச்சமிருந்தது.

பெண் வீட்டில் வாசலுக்கே வந்து வரவேற்றார்கள். பெண்ணின் அப்பா வெங்கடாசலம் வண்டியை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். சோஹைல் பாய் வண்டியை வேப்பமரத்து ஓரமாக நிறுத்தி, அதன் மேலேயே சாய்ந்து நின்றுகொண்டார். குரு எல்லோரையும் வேகமாக உள்ளே தள்ளிக்கொண்டு போனான்.

ஜமக்காளத்தில் உட்கார்ந்ததும் வெங்கடாசலம் விசாரித்தார். "வண்டி நம்மளுதுங்களா?"

"நம்மளுதுதாங்க" என்றான் குரு.

"எப்ப எடுத்தீங்க?"

"தையில" என்றாள் அம்மா. "தீபாவளிக்கு" என்றார் மாமா. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. தீபாவளிக்குப் புக் பண்ணியது, தையில் வந்தது என்று குரு அதை ஒட்டுப்போட்டான். நம்மூரிலேயே எடுத்ததா என்று அடுத்த கேள்வி வந்தது. ஆமாம் என்றாள் நிர்மலா. கர்நாடகாவில் என்றார் மாமா. இந்தோனேஷியாவில் இன்னும் நல்லா இருக்குதுங்க என்றான் தமிழ்மணி. மாப்பிள்ளை அந்த வீட்டில் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இதுக்குக் கார்வினோ தேவலைன்னு சொல்றாங்களே?" என்று வெங்கடாசலம் சாதாரணமாகத்தான் கேட்டார்.

அவ்வளவுதான். நான் அப்பவே சொன்னேன் என்று மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். ரெண்டும் தகரம் என்றார் அப்பா. கார்வினோவில் படி உசரம் என்றாள் அம்மா. உங்களுக்குப் படி, எனக்குக் காத்து வேண்டாமா என்றாள் நிர்மலா. சுற்றி உட்கார்ந்திருப்பது பெண் வீட்டார் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிற்று. பெண் காபித் தட்டோடு வந்து நின்றதை யாரும் பார்க்கவில்லை, தமிழ்மணியைத் தவிர. அவன் இந்தோனேஷியாவை அந்த நிமிஷமே மறந்துவிட்டான். எழுந்து போய்த் தட்டை ஒரு கை பிடித்தான்.

குரு கண்ணை மூடிக்கொண்டான். எல்லாம் போச்சு. ஒரே வண்டியில் வந்து ஒரே நேரத்தில் மானத்தை வாங்கிவிட்டார்கள். இதற்குத் தனித்தனியாகவே வந்திருக்கலாம்.

காபி குடித்து முடிந்ததும் வெங்கடாசலம் உள்ளே போய்ப் பெண்ணிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"பாப்பாவுக்குச் சம்மதமுங்க. எங்களுக்கும் புடிச்சிருக்குது. மேற்கொண்டு ஆவ வேண்டியதைப் பாக்கலாம்."

அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இத்தனை பொய்யும் நின்றுவிட்டதே என்று குருவால் நம்பவே முடியவில்லை. அம்மாவுக்கு உடனே கணக்கு ஞாபகம் வந்தது. நல்ல வார்த்தை பேசியாயிற்று, தாம்பூலம் வாங்க ஏழாவது ஆள் வேண்டும். டிரைவரைக் கூப்பிடுங்க என்றாள்.

குரு எழுந்திருப்பதற்குள் பெண்ணின் அம்மா செல்லி காபி டம்ளரோடு வாசலுக்குப் போய்விட்டாள். அவள் குரல் உள்ளே எல்லோருக்கும் கேட்டது.

"உள்ள வாங்க, சோஹைல் பாய். இதே வண்டியில இதுக்கு முந்தி நம்ம பாப்பாவப் பாக்க நீங்க கூட்டியாந்த மூணு மாப்பிள்ளை வூட்டாருக்கும், அந்த எழுத்து மேல ஒரு முழம் பூவப் போட்டு மறைக்கணும்னுகூடத் தோணல பாருங்க."