வெள்ளையம்மா மூர்ச்சையுற்ற படலம்

ரூபேந்திரன் எழுந்தான். பல் துலக்கினான். கெட்டிலில் ஒரு குவளைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து மைலோ கலக்கினான். நின்றபடியே குடித்தான். குவளையைக் கழுவிக் கவிழ்த்தான். சாமி மேடையின் விளக்குச் சுவிட்சைப் போட்டான். துணியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய் அலமாரித் தட்டைத் துடைத்தான். தட்டில் இரண்டு பெட்டிகள் இருந்தன. கறுப்புப் பெட்டியை முழுவதும் துடைத்தான். வெள்ளைப் பெட்டியின் மேற்புறத்தையும் பின்புறத்தையும் பக்கங்களையும் துடைத்தான். முன்புறத்தைத் துடைக்கவில்லை. அதை அவன் துடைப்பதில்லை. துணியை உதறும்போதுதான் வெள்ளைப் பெட்டியின் சின்னத் திரை இருண்டு கிடப்பதைப் பார்த்தான்.

கேளுங்கள், உலகீரே! செம்பனைக் காடுகள் நாற்புறமும் நின்று கவரி வீச, வடக்கு தெற்கு நெடுஞ்சாலை நெளிந்து வந்து காலடியில் கிடக்க, விரைவுப் பேருந்துகள் எல்லாம் கழிப்பறைக்காகவேனும் நின்று வணங்கிச் செல்லும் யோங் பெங் மாநகரத்தில், முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் தாமான் என்னும் குடியிருப்பு வீடுகளின் வரிசையில், மூலைக்கு முந்திய வீட்டை ஆளும் வேந்தனை, மரத் தளவாடத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் தனிப்பெருந் தலைவனை, ஆடும் நாற்காலியை அமராமலே அறியும் கூர்விழியோனை, மூன்று முனைப் பிளக்கை முழந்தாளிடாமல் சொருகும் நெடுங்கையனை, ரூபேந்திரனைப் பாடப் புகுந்தோம். சுவருக்குள் மறைந்து வாழும் மின்சாரத் தேவியே, மாதம் ஒருமுறை காகித வடிவில் காட்சி தருபவளே, எங்கள் நாவில் தங்குக! மோடத்தில் கண்சிமிட்டும் பச்சை விளக்கே, பாட்டு முடியும்வரை சிவக்காதிருப்பாயாக!

போர் சொல்லுமுன் போரின் காரணம் சொல்ல வேண்டும். கறுப்புப் பெட்டி ஒரு சிறு கணினி. உலகத்தில் இதுவரை நடந்த பிட்காயின் பரிமாற்றம் அத்தனையையும் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, புதிதாக வருவதைச் சரிபார்ப்பது அதன் வேலை. நோட் என்பார்கள். வெள்ளைப் பெட்டி, பிட்காயின் அகழும், உள்ளங்கை அகலமே உள்ள மைனர். நொடிக்கு லட்சம் கோடி எண்களை எடுத்து, பரிசு எண் இதுவோ, பரிசு எண் இதுவோ என்று ஓயாமல் எறிந்து பார்ப்பது அதன் வேலை. மலைமலையாய் அடுக்கிய இயந்திரப் படைகள் தேசந்தோறும் அதே எண்ணைத் தேடிக்கொண்டிருக்க, இந்த ஒற்றைச் சிறுபெட்டி ஒருநாளும் வென்றதில்லை. வெல்லப்போவதும் இல்லை. ரூபேந்திரனுக்கு அது தெரியும்.

அதை வாங்கி, பூட்டி, ஓட்டிவிட்டவள் அவன் மனைவி ஷர்மினி. நிறம் பார்த்து வெள்ளையம்மா என்று பெயர் வைத்தாள். திரையில் அத்தனை எழுத்துக்கு இடம் இல்லை. ‘வெள்ளையம்’ என்பதோடு நின்றுபோனது. அவள் சிரித்தாள், அப்படியே விட்டுவிட்டாள். போன ஆயுத பூசையன்று சாயங்காலம், ஆயர் ஈத்தாம் சாலையில் ஒரு லாரி. அதன்பின் அவளுடைய புதினாச் செடி காய்ந்தது. அவளுடைய தொலைபேசி எண் வேறு யாருக்கோ போனது. அவள் ஓட்டிவிட்டவற்றில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது வெள்ளையம்மா ஒன்றுதான். இன்று அதுவும் நின்றுவிட்டது.

காரணம் இது. இனிப் போர்.

எழுந்தான் ஏந்தல். கைலியை மடித்து வரிந்தான். வலக்கையில் திருப்புளி, இடக்கையில் கைவிளக்கு, இடுப்பில் கைப்பேசி, தோளில் தூசித் துணி எனப் படைக்கலம் நான்கும் பூண்டு, பழைய பேப்பர்க் கட்டும் சக்கரம் கழன்ற பயணப் பெட்டியும் முறுக்கு அச்சும் அகழியாய்ச் சூழ்ந்த பின்னறைக் கோட்டைக்குள் பாய்ந்து, சுவரோடு ஒன்றிக் கிடந்த பிளக்கை, மதயானையின் மத்தகத்திலிருந்து தந்தம் பறிக்கும் சிங்கம்போலப் பறித்து, பத்து எண்ணி, மீண்டும் சொருகினான். இயந்திரங்களுக்கு எதிராக மனிதகுலம் கண்டறிந்த முதல் அஸ்திரம் அது. பெரும்பாலும் கடைசி அஸ்திரமும் அதுவே.

விழித்தாள் வெள்ளையம்மா! திரையில் ‘வெள்ளையம்’ எழுந்தது. உள்ளிருந்த குட்டிக் காற்றாடி முனகியது. எண்கள் ஓடின. வெற்றி வெற்றி என்று வீரன் மார்பு விம்மி நிமிர்வதற்குள், வெப்பம் காட்டும் எண் படிப்படியாக ஏறி, சிவந்து, துடித்து, ‘அதிக சூடு’ என்று ஒரு வரி காட்டிவிட்டு, போர்க்களத்தில் புதல்வன் தலை கண்ட தாய்போல் அவள் மூர்ச்சையுற்றாள்.

சும்மா இருப்பானா சூரன்? நாற்காலி ஆடினால் கால் தேய்ந்தது என்று கத்துக்குட்டி சொல்வான்; தரக்கட்டுப்பாட்டாளனோ திருகைச் சந்தேகிப்பான், பசையைச் சந்தேகிப்பான், மரத்தை அனுப்பியவனின் பரம்பரையையே சந்தேகிப்பான். ஆகவே மடிக்கணினியைத் திறந்து, வெள்ளையம்மாவின் உட்பக்கத்துக்குள் நுழைந்து, ‘புதிய பதிப்பு உள்ளது’ என்ற அறிவிப்பு நெடுநாளாகத் தலைமாட்டில் தொங்குவதைக் கண்டு, பகைவன் இவனே என முழங்கினான். கீழே சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: அப்டேட் செய்யும்போது சேமித்த பெயர் முதலியவை அழிய நேரலாம். முழக்கம் நின்றது. அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்தான். ஒன்று மங்கலாக விழுந்ததால் இன்னொன்று எடுத்தான்.

பின்பு பொருதான். ஏற்ற வேண்டிய கோப்புகள் இரண்டு என்பதை அறியாமல் ஒன்றை மட்டும் ஏற்றினான். பக்கம் வெள்ளைத்தாளாய் வெளிறியது. இரண்டாவதை ஏற்றினான், நீலக்கோடு நத்தை நடையில் நகர்ந்து, கரையைத் தொட ஒரு முழம் இருக்க, கப்பம் கேட்டு நிற்கும் சுங்கச்சாவடிக் கம்பம்போல் அசையாது நின்றது. அக்கணம் காற்று நின்றது. செம்பனை ஓலை நின்றது. லேடாங் மலையின் முகில் நின்றது. ரூபேந்திரன் மூச்சும் நின்றது. பிறகு திரை கறுத்து, வெளுத்து, ‘வெள்ளையம்’ என்றது. பெயர் போகவில்லை. அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அது ஆடியது. அவன் கவனிக்கவில்லை.

வெப்பம் ஏறியது. மூர்ச்சையுற்றாள்.

இனி நோட்டின் மேல் படையெடுப்பு. மைனருக்கு வேலை எடுத்துக்கொடுக்க வேண்டிய கறுப்புப் பெட்டி உள்ளிருந்தே வஞ்சம் செய்கிறதோ என ஐயுற்று, அதற்கும் புதிய பதிப்பைப் புகட்டி, அது தூங்கிய நேரத்தில் உலகத்தில் நடந்ததையெல்லாம் வரிவரியாகப் படித்துத் தேறும்வரை காத்திருந்து, வஞ்சம் இல்லையெனக் கண்டு நாணி, பழியை மோடத்தின் தலையில் போட்டு, அதன் உயிர்நாடியையும் பிடுங்கினான். பச்சை விளக்கு அணைந்த மறுகணமே, மதிற்சுவருக்கு அப்பாலிருந்து, மும்முரசும் ஒருங்கு அதிர்ந்தாற்போல் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாவின் குரல் எழுந்தது. வைஃபை இரண்டு வீட்டுக்கும் பொது.

“தம்பி! ஒய் தம்பி! லைன் எங்க போச்சு? இங்க நாடகத்துல அவ மாமியாருக்கு வெஷம் கலக்கிட்டா, படம் சுத்திக்கிட்டே நிக்குது லா!”

“மோடத்த ஆஃப் பண்ணியிருக்கேன்க்கா. ரெண்டு நிமிஷம்.”

“ரெண்டு நிமிஷத்துல குடிச்சிட்டான்னா?”

“குடிக்க மாட்டாங்கக்கா. இன்னிக்கு சனிக்கெழம. திங்கக்கெழமதான் குடிப்பாங்க.”

இந்தப் பெரும்பிரகடனத்தால் கிழக்கெல்லை அடங்கியது. மோடம் உயிர்த்தது, மாமியார் கையில் குவளையை வாங்கினாள், வெள்ளையம்மா விழித்தாள், ஏறினாள், சிவந்தாள், மூர்ச்சையுற்றாள்.

பகல் உச்சிக்கு வந்தது. அறிவால் ஆகாததை வலிமையால் ஆக்கத் துணிந்தான் ஆண்தகை. மேசைக் காற்றாடியை இழுத்து வந்து நேரெதிரே நிறுத்தி முழுவேகத்தில் முடுக்க, நாள்காட்டித் தாள்கள் புறாக்கூட்டமாய்ப் படபடக்க, பழைய பேப்பர்க் கட்டு அவிழ்ந்து அறையெங்கும் பறக்க, நடுவே நின்ற நாயகன் குளிர்பெட்டியைத் திறந்து, வருணன் மறைத்து வைத்த பனிப்படையாகிய உறைந்த பராட்டா பாக்கெட்டைக் கைக்கொண்டு, துண்டில் சுற்றி, வெள்ளையம்மாவின் தலைமேல் பற்றாய் வைத்தான். பராட்டா இளகியது. வெள்ளையம்மா இளகவில்லை.

அந்நேரம் கைப்பேசி அலறியது. ஷர்மினியின் தம்பி யுகேந்திரன், சிங்கப்பூரில் கணினி பராமரிப்பு வேலையில் இருப்பவன், சனிக்கிழமைதோறும் முகம் காட்டி அழைப்பான். அக்காள் இருந்தபோது அக்காளை அழைத்தான். இப்போது அத்தானை அழைக்கிறான். பேச அதிகம் இருக்காது. மழை பெய்கிறதா என்று இருவரும் கேட்டுக்கொள்வார்கள்.

“அத்தான், சாப்பிட்டீங்களா? அலமாக், பின்னால என்ன, புயல் அடிக்குதா?”

“மெஷின் நிக்குது. சூடு.”

“அது தலைமேல என்ன? பராட்டாவா?”

“ம்.”

“இப்ப எத்தன டிகிரி?”

“பராட்டாவா, மெஷினா?”

யுகேந்திரன் சிரித்தான். ரூபேந்திரன் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பதற்கு முந்திய இடம்வரை போய்வந்தான்.

“அப்டேட் பண்ணீங்களா?”

“பண்ணிட்டேன். நோட்டுக்கும் பண்ணிட்டேன். மோடமும் பாத்துட்டேன்.”

“அப்ப காத்துதான் போகல அத்தான். கேமராவ முன்பக்கம் காட்டுங்க. மேல இல்ல, முன்பக்கம். காத்து உள்ள இழுக்குற ஓட்ட வரிசையா இருக்கும் பாருங்க.”

கைப்பேசி மெதுவாக இறங்கியது. பிளக்கு முதல் மோடம் வரை எட்டுத் திக்கும் வென்ற வீரன், தான் அன்றாடம் துணியோடு சுற்றிவந்து தொடாமல் விட்ட ஒரே நிலத்தின் முன் நின்றான்.

“இதென்ன அத்தான், சேறு மாதிரி?”

ரூபேந்திரன் கைப்பேசியை இன்னும் அருகே கொண்டுபோனான்.

“அத்தான்… அக்கா வெச்ச பொட்டா?”

“ம்.”

“அதுக்கப்புறம் தொடைக்கவே இல்லையா?”

“இல்ல.”

ஆயுத பூசையன்று வீட்டில் உழைக்கும் கருவி எல்லாவற்றுக்கும் அவள் பொட்டு வைத்தாள். சோற்றுப் பானை, குளிர்பெட்டி, இஸ்திரிப் பெட்டி, மடிக்கணினி, தன் மோட்டார் சைக்கிள். சந்தனத்தைக் குழைத்து விரலால் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம். வெள்ளையம்மாவுக்கு நெற்றி எது என்று யோசித்து, காற்று இழுக்கும் வரிசையின் நட்டநடுவை நெற்றி என்று முடிவு செய்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் வீட்டைக் கழுவியபோது மற்றப் பொட்டுகள் போயின. மோட்டார் சைக்கிளின் பொட்டு மோட்டார் சைக்கிளோடு போனது. பின்னறைக்குள் யாரும் வராததால் இது ஒன்று மிஞ்சியது. அன்றுமுதல் உள்ளிருந்த காற்றாடி இழுத்த தூசியெல்லாம் அதில் வந்து ஒட்டி, ஒட்டியதன்மேல் ஒட்டி, கம்பளித் துண்டுபோல் கெட்டித்து, இன்று கடைசி ஓட்டையையும் மூடியிருந்தது. நடுவில் குங்குமம் மட்டும் இன்னும் சிவப்பாக இருந்தது.

“அத்தான்.”

“சொல்லு.”

“வேணாம்னா விட்டுடுங்க. அப்படியே எடுத்து வெச்சிடலாம். நான் வேற ஒன்னு வாங்கிட்டு வரேன். இதே வெள்ள.”

“சரி. அப்புறம் கூப்புடுறேன்.”

“மழ பெய்யுதா அங்க?”

“இல்ல.”

மேசைக் காற்றாடியை நிறுத்தினான். பறந்த தாள்கள் கீழே விழுந்தன. பராட்டாவை எடுத்துக் குளிர்பெட்டியில் திரும்ப வைத்தான். அது இனி பராட்டாவாக ஆகாது என்று தெரிந்தும் வைத்தான்.

கேளுங்கள், உலகீரே. பொட்டைத் துடைத்தால் பெட்டி ஓடும். பெட்டியை நிறுத்தினால் பொட்டு இருக்கும். இரண்டும் அவளுடையவை. இந்த இடத்தில் காவியம் ஓர் உவமை கேட்கிறது. இரு மலைகளுக்கு நடுவே சிக்கிய களிறு என்று சொல்லலாம். இரு நாட்டு எல்லைக்கு நடுவே பாலத்தில் சிக்கிய தொழிற்சாலைப் பேருந்து என்றும் சொல்லலாம். அவன் அப்படி ஒன்றும் இல்லை. கைலி கட்டிய ஒருவன் ஓர் அலமாரியின் முன் நின்றுகொண்டிருந்தான்.

சமையலறைக்குப் போய்க் கிண்ணத்தில் வெந்நீர் எடுத்தான். குளியலறையில் அவளுடைய பஞ்சுக் குச்சிப் பெட்டி இருந்தது. ஒரு குச்சியை எடுத்து நனைத்தான். கொண்டுபோய்ப் பொட்டுக்கு முன்னால் பிடித்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் தட்டில் விழுந்தது. அதைத் துணியால் துடைத்தான். குச்சியை மறுபடி நனைத்தான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஒருவர் விடாமல் அவனிடம் கேட்டார்கள், அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று. சொல்லும்படியாக ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டான். அவர்கள் தங்களுக்குள் ஒன்றை முடிவு செய்துகொண்டார்கள்; இப்போது உறவுக்காரர்கள் மத்தியில் அவள் சொன்னதாக நல்ல வாக்கியங்கள் சில உலவுகின்றன. அன்று பின்னறையிலிருந்து நேராக வாசலுக்குப் போய், சந்தன விரலைச் சட்டை ஓரத்தில் துடைத்து, தலைக்கவசத்தின் வாரை மாட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் அவள் சொன்னது இவ்வளவுதான்:

“காஞ்சவொடன தொடச்சிடுங்க, இல்லன்னா காத்து போவாது.”