எட்டு மீனும் இரண்டு குழாயும்

2013 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை, காலை 10 மணி 20 நிமிடம். சோளகக் காற்று பலமாக வீசியது. வானத்தில் முகில்கள் மூன்று. அரசாங்கக் கந்தோரில் முப்பத்திநாலு வருடம் கிளாக்கராக இருந்து ஒரு கடிதத்தைக்கூடத் தொலைக்காத நான், என் வீட்டு விறாந்தையில், பூட்டிய கதவுக்குள், ஒரு மீனைத் தொலைத்தது அப்போதுதான்.

முதலில் தொட்டியின் கதையைச் சொல்லவேண்டும். சண்டைக் காலத்தில் நாங்கள் ஏழு இடம் மாறினோம். சொந்த ஊரான ஓலைத்தொடுவாய்க்குத் திரும்பி, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்குக் கூரை போட்டு முடித்த கிழமை, என் மனைவி றீத்தா சொன்னாள்: "என்னப்பா, தூக்கிக்கொண்டு ஓடேலாத ஒரு சாமான் வாங்குவம்." நான் அலுமாரி என்று நினைத்தேன். அவள் கேட்டது மீன் தொட்டி. கண்ணாடி, அதில் தண்ணீர், அதற்குள் எட்டுத் தங்க மீன். இந்த முறை நிற்கப்போகிறோமா இல்லையா என்பதை அவள் அந்தத் தொட்டியை வைத்துத்தான் பார்க்கப்போகிறாள் என்று எனக்கு விளங்கியது. (மீன்பிடிக்கிற ஊரில் மீனைக் காசு கொடுத்து வாங்கி, அதற்குச் சாப்பாடும் போடுகிறவர் என்று என்னைக் கடற்கரையில் காட்டிச் சிரித்தார்கள். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.)

தொட்டியோடு வந்த, தண்ணீர் வடிக்கும் சின்னப் பில்டர் உறுமியது. "ஜெனரேட்டருக்குப் பக்கத்தில படுத்த மாதிரிக் கிடக்கு" என்று றீத்தா நித்திரையில்லாமல் புரண்டாள். சத்தமில்லாதது வேண்டுமென்றால் கானிஸ்டர் பில்டர்தான் என்றார்கள். (எங்கள் ஊரில் கான் என்றால் கழிவுநீர் ஓடும் வாய்க்கால். மீனுக்கு ஏன் கான் என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன்.) அது மூடி போட்ட வாளி மாதிரி ஒன்று. தொட்டிக்குக் கீழே இருக்கும். ஒரு குழாயால் தண்ணீரை இழுத்து, உள்ளே இருக்கும் பஞ்சுகளால் வடித்து, மற்றக் குழாயால் மேலே அனுப்பும்.

அதை வாங்க வவுனியாவுக்குப் போனேன். கடைக்காரர் பொறுமையான மனிதர், நான் போகும்வரை.

"தொட்டி எத்தினை லீற்றர் ஐயா?"

"நூற்றி இருபத்தொன்றரை."

"அரையோ?"

"ஒன்பது லீற்றர் வாளியால பதின்மூண்டரை வாளி ஊத்தினனான்."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப மணிக்கு அறுநூறு லீற்றர் இழுக்கிறது காணும். மணிக்கு அஞ்சு தரம் தண்ணி சுத்தவேணும், அவ்வளவுதான்."

நான் சட்டைப்பையில் இருந்த துண்டுக் கடதாசியில் பிரித்துப் பார்த்தேன். "அஞ்சு வராது தம்பி. நாலு தசம் ஒன்பது நாலுதான் வருது."

"ஐயா, மீன் தசம் பாக்காது."

"நான் பாப்பன். ஆயிரத்தி இருநூறு இழுக்கிறதைத் தாரும்."

"அது பெரிய தொட்டிக்கு ஐயா! உங்கட சின்ன மீனுகள் அள்ளுப்பட்டுப் போகும்."

குறைவதைவிடக் கூடுவது நல்லது என்ற ஒரே தத்துவத்தில் நான் வாழ்ந்து வந்தவன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தச் சனிக்கிழமை காலை பொருத்தினேன். விளக்கக் கடதாசி சீன மொழியில் இருந்தது. மூடியில் மட்டும் இரண்டு ஆங்கிலச் சொற்கள்: இன், அவுட். இதில்தான் என் படிப்பு என்னைக் கவிழ்த்தது. கந்தோரில் எங்களுக்கு வருகிற கடிதம் இன்வேட், நாங்கள் அனுப்புகிற கடிதம் அவுட்வேட். அப்படியானால் இங்கே எது கந்தோர் என்று யோசித்தேன். சந்தேகமில்லாமல் தொட்டிதான். பெரியது, கண்ணாடி போட்டது, உள்ளே எட்டு உத்தியோகத்தர்கள் வாயை அசைத்துக்கொண்டு ஒரு வேலையும் செய்யாமல் இருக்கிறார்கள். கீழே கிடக்கும் வாளி வெறும் பியோன். ஆகவே இன் என்றால் தொட்டிக்குள் தண்ணீர் வருகிற வழி. அப்படியே மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். சத்தமே இல்லை! றீத்தா என்னைப் பார்த்துச் சிரித்தாள். மாவைப் போட்டுப் புட்டவிக்கப் போனாள்.

எண்ணினேன். ஏழு.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினேன். ஏழு. மீன்கள் வேறு புயலில் அகப்பட்ட வள்ளங்கள்போலச் சுற்றிக்கொண்டிருந்தன. பதினொரு தரம் எண்ணியும் ஏழு. இல்லாமல் போனது எல்லாவற்றிலும் சிறியது, றீத்தா 'சின்னவள்' என்று கூப்பிடுவது.

குசினியிலிருந்து குரல் வந்தது: "என்னப்பா, எல்லாரும் நிக்கினமோ?"

"ஓம், எட்டு" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன முதலாவது பொய் எண்ணிக்கை.

ஐந்து நிமிடத்தில் அவளே வந்து எண்ணினாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கதிரையில் இருந்து, மெல்லச் சொன்னாள்: "எங்களுக்கு நிலைக்கிற சாமான் ராசியில்லையப்பா."

நான் அலுமாரிக்கு அடியில் தவழ்ந்தேன். மீன் இல்லை. யன்னலில் பக்கத்து வீட்டுப் பூனை உட்கார்ந்திருந்தது. அதன் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்ததாக எனக்குப் பட்டது. நேரே அதன் சொந்தக்காரர், தண்ணீர்ப் பம்பு திருத்துகிற றபீக் நானாவிடம் போனேன். (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்.) சண்டைக் காலத்தில் ஊரைவிட்டுப் போன அவர் குடும்பமும் புத்தளத்திலிருந்து திரும்பி வந்து இரண்டு வருடம்தான்.

"நானா, உங்கட பூனை எங்கட மீனைத் திண்டிட்டுது."

"கிளாக்கர் ஐயா, இது ஓலைத்தொடுவாய்ப் பூனை. பாரை மீன் தலையையே ரெண்டு தரம் மணந்து பாத்துத்தான் வாய் வைக்கும். உங்கட ஒரு இஞ்சு மீனுக்குக் கண்ணாடி ஏறுமோ?"

பூனையின் மானத்தைக் காக்க அவரே வந்தார். தொட்டியைப் பார்த்தார். குழாய்களில் விரலை வைத்து மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே போனார். மூடியைக் கண்டதும் விரல் நின்றது.

"ஐயா, இன் எண்டா ஆருக்கு இன்?"

"தொட்டிக்கு."

"அல்லாவே! வாளிக்கு இன் ஐயா, வாளிக்கு! சல்லடை போட்ட குழாயாலதான் இழுக்கவேணும். நீங்க வாய் திறந்த குழாயால இழுக்க விட்டிருக்கிறீங்க. உங்கட மீன் பூனைட வயித்தில இல்லை."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாளியைப் பார்த்தோம். "பொறுங்க, முதல்ல குழாய் அடைப்பைப் பூட்டி..." என்று நானா சொல்லி முடிக்கவில்லை. நான் சுவிட்சை நிறுத்தி, கொளுவிகளைத் தட்டி, மூடியைத் தூக்கிவிட்டேன். தொட்டித் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, விறாந்தையைக் கடந்து, சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்த அரிசிச் சாக்குவரை போய்விட்டது. நானா பாய்ந்து இரண்டு குழாயையும் மடித்துப் பிடித்துக்கொண்டு, "பஞ்சைத் தூக்குங்க! பஞ்சைத் தூக்குங்க!" என்று கத்தினார்.

முழங்காலில் நின்று பஞ்சுத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். ஒன்று. இரண்டு. மூன்று. அடியில் இருந்த கொஞ்சத் தண்ணீரில், புதிய வீடு வசதியாக இருக்கிறதா என்று பார்ப்பவள்போல, சின்னவள் வாலை ஆட்டிக்கொண்டு நின்றாள். ஒரு செதில்கூடக் குறையவில்லை. நான் அந்த ஈரத் தரையிலேயே இருந்துவிட்டேன்.

றீத்தா அவளைக் கோப்பையில் அள்ளித் தொட்டிக்குள் விட்டாள். விட்டுவிட்டு, தொட்டி குறைந்திருந்த அளவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாளியை எடுங்கோ, நல்ல தண்ணி அள்ளவேணும்" என்றாள்.

நானா குழாய்களை மாற்றிப் பொருத்தி, வேகத்தைக் குறைக்கும் திருகையும் காட்டித் தந்தார். பூனையிடம் நான் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றும் சொன்னார். கேட்டேன்.

அன்றிலிருந்து நான் எங்கேயாவது போய்ப் பிந்தினால், ஊரில் ஒருவரும் 'ஐயா எங்கே' என்று கேட்பதில்லை. "கிளாக்கர் ஐயா இன்னோ, அவுட்டோ?" என்றுதான் வாசல் படலையில் நின்று கேட்கிறார்கள். றீத்தா உள்ளே இருந்தபடியே, "ஆருக்கு இன்?" என்று திருப்பிக் கேட்பாள். போன மாதம் பேத்தி தொலைபேசியில் இதையே கேட்டாள். அவள் பிறந்ததே அதற்குப் பிறகுதான்.

பில்டர் ரூபா 9,600. வவுனியாவுக்குப் போக வர பஸ் 280. கடைக்காரர் நொந்துபோய்க் குடித்த தேநீருக்கும் சேர்த்துத் தேநீர் இரண்டு, 40. பூனைக்கு மானநட்ட ஈடாக அரைக் கிலோ பாரை, 270. மொத்தம் ரூபா 10,190.